நீல நூலில் தைத்த பெயர்

ஒரகடம்
17-11-1991

அன்பு மகள் ஷீபாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இங்கே மழை விட்டபாடில்லை, மறைமலை நகர் பஸ் அதற்கு மனசு வந்தால் வருகிறது. மே மாதம் குண்டு வெடித்த பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் இன்னமும் பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். அப்பாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் என்றால் சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறார். ஆள் நிழலாகத்தான் தெரிகிறதாம், நடையை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுபிடிக்கிறார். ஆனாலும் நீ அனுப்பிய டார்ச் லைட்டைக் கையை விட்டு இறக்குவதில்லை, கண் தெரியாத மனிதருக்கு டார்ச் எதற்கு என்றால் கோபம் மட்டும் வருகிறது.

ஒரு விஷயம் எழுதவா வேண்டாமா என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நீ நம் மருந்துச் சோதனைக் கம்பெனியை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, உன் வெள்ளைக் கோட்டு இன்னும் என்னிடம் சலவைக்கு வருகிறது ஷீபா. எல்லார் பாக்கெட்டிலும் நான்தானே பெயர் தைத்தேன், உன் முறை வந்தபோது சிவப்பு நூல் தீர்ந்து நீலத்தில் தைத்ததற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அதே கோட்டுதான். காலரில் புது வியர்வைக் கறை. சூப்பர்வைசர் டில்லிபாபுவிடம் கேட்டேன். நம்மிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்குப் பயிற்சி எடுத்த ஆட்கள் என்று உங்கள் பெயர்களைத்தான் சொல்லியிருக்கிறார்களாம், வந்து பார்க்கும்போது ஆள் இல்லை என்றால் வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அதனால் போனவர்கள் கோட்டைப் புதிதாக வருகிறவர்களுக்குப் போட்டு, அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கப் பழக்குகிறார்கள். யாரும் வராத நாளிலும் அந்தப் பெயர்தான், பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். இன்னாக்கா, பேரு தேஞ்சா பூடப்போவுது, கம்பெனி நடக்கணுமா வாணாமா என்று சிரித்தார். கேண்டீனில் பரசுராமன் என்று கூப்பிட்டார்கள், அவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் சோற்றை மென்றுகொண்டே கையைத் தூக்கினான். பக்கத்தில் ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

உன் கோட்டில் இருப்பவள் வடக்குப்பட்டு செங்கமலம், தாய் இல்லாத பெண். பாவம் என்று நம் வீட்டுச் சாப்பாட்டில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன்னைப் போலவே முருங்கைக்காயை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லையே, அவளுக்கு யார் சொன்னது? கம்பெனியில் முயல் கூண்டுப் பக்கம் அவள் போனால் உன்னைக் கண்டு ஒதுங்கின மாதிரியே அத்தனையும் மூலைக்கு ஒதுங்குகின்றன. நீ ஊசி போட்ட முயல் ஒன்றுகூட இப்போது உயிரோடு இல்லை, இவை எல்லாம் புதிதாக வந்தவை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன், மழையில் நனைந்து அவள் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள், செருப்பை நீ விடுகிற மூலையில் விட்டாள். நடையைக் கேட்டதும் அப்பா, ஷீபா வந்துட்டியாம்மா என்றார். வந்துட்டேன்ப்பா என்றாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த மனிதர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று, எனக்கு மனசு வரவில்லை. அதிலிருந்து அவள் தினமும் வருகிறாள். உன் கடிதம் வந்தால் படித்துக் காட்டு என்று பிடுங்கி எடுப்பாரே, இந்தத் தடவை கேட்கவில்லை. அதான் வந்துட்டாளே, அப்புறம் கடுதாசி எதுக்கு என்கிறார்.

பயம் தாங்காமல் நேற்று கத்தரியை எடுத்து அந்த நீல நூலைப் பிரிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிரிச்சிட்டா நான் யாருன்னு சொல்றதும்மா என்று கேட்டாள். செங்கமலம் என்று சொல் என்றேன். அப்படி யாரும் இங்க கெடையாதேம்மா என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. கை ஜில்லென்று இருந்தது, ஆனால் பிடி உன் பிடிதான். கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தாய். காலில் விழுந்தாவது வாங்கிக்கொண்டு வா. வந்து அப்பா கையைப் பிடித்துப் பேசு, நானும் உன்னை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன், நாளாக ஆக உன் முகத்தை நினைத்தால் அவள் முகம்தான் முன்னால் வருகிறது. கதவைத் தட்டி நான்தாம்மா என்று மட்டும் சொல்லாதே, அவளும் அதையேதான் சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, போகையிலும் வருகையிலும் கர்த்தர் உன்னைக் காக்கட்டும். பொழுது சாய்ந்துவிட்டது, அவள் வருகிற நேரம், அப்பா உன் டார்ச்சை அடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். மூன்று பேருக்கு உலை வைக்க வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
அன்னபுஷ்பம் ஜெபதாஸ்