நம்ம ஆளும் மிலாறும்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்
வலது முன்கையில் ஒரு கட்டி. கடலையளவுதான், வலியில்லை. ஆனால் போக மாட்டேன் என்கிறது. லோஜினி அக்கா தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்ததும் வழக்கம்போல், "நம்ம ஆளு எப்பிடிடி இருக்காரு?" என்றாள். அவள் எனக்குக் கொடுத்த சிறுநீரகத்துக்கு அவளே வைத்த பெயர். "சொகமா இருக்காரு" என்றேன். கையைக் காட்டவில்லை.

பெப்ரவரி 19
இப்போது மூன்று. மணிக்கட்டிலிருந்து மேலே வரிசையாக, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. முதல் கட்டி உடைந்து கசிகிறது. ஹட்டன் ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரைக்கு ஒன்றும் அசையவில்லை. அட்டைக் கடியாம், லயத்து வீடுகளில் சொல்கிறார்கள். அட்டை வரிசையாகவா கடிக்கும்?

பெப்ரவரி 27
கண்டி கிளினிக். டாக்டர் சிவகௌரி, யாழ்ப்பாணத்துக்காரர். "தோட்டத்தில வேலை செய்யிறனீங்களோ?" "இல்லீங்க. ஆப்பரேசனுக்குப் பொறகு மலைக்கு வேலைக்கே போறதில்ல." சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரை, கிருமியை எதிர்க்கும் பலத்தையும் அடக்கிவிடுகிறதாம். அதனால் இது எதுவாகவும் இருக்கலாம். சதைத் துண்டு வெட்டி எடுத்தார்கள்.

மார்ச் 5
அறிக்கையில் தெளிவில்லை. அந்த மாத்திரையைக் குறைத்தால் சிறுநீரகம் போகலாம். குறைக்காவிட்டால் கட்டி உள்ளே பரவலாம். ஐயோ, அக்கா குடுத்தத நானே தொலைச்சிருவேனா?

மார்ச் 8
அறிக்கையைப் பற்றித் தெரிந்ததிலிருந்து அக்கா நம்ம ஆளைப் பற்றிக் கேட்பதேயில்லை.

மார்ச் 12
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர் திடீரென்று, "வீட்டில எதில சமைக்கிறனீங்கள்?" என்றார்.
"மிலாறுலதாங்க." கவ்வாத்தில் செடியைக் கத்தரிக்கும்போது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி என்று விளக்கினேன்.
"ஆர் பொறுக்கிறது?"
"நான்தாங்க. அக்கா வேலைக்குப் போனா சும்மா இருக்க ஏலாதே."
பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் முதலே சொல்லேல்லை?"
"நீங்க வேலையான்னுதானே கேட்டீங்க?"
விறகு பொறுக்குவதை எங்களில் யார் வேலை என்று சொன்னார்கள்? குச்சி கீறாத கை இந்த லயத்தில் உண்டா? மண்ணிலும் குச்சியிலும் இருக்கும் ஒரு பூஞ்சணம் அந்தக் கீறலில் நுழைந்திருக்கலாமாம். மறுபடி சதை வெட்டினார்கள், இந்த முறை அதை வளர்த்துப் பார்க்க.

மார்ச் 28
பூஞ்சணம்தான். மருந்து உண்டு, பல மாதம். ஆனால் அது சிறுநீரகத்துக்கான பழைய மாத்திரையின் வீரியத்தை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் பழைய மாத்திரையின் அளவைக் குறைத்து, வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினால்— வேண்டாம், எழுத மாட்டேன்.

ஏப்ரல் 9
இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது; சிறுநீரகம் சோர்கிறதென்று அர்த்தமாம். பயமா இருக்கு.

ஜூன் 18
கட்டிகள் தட்டையாகிக் கறுத்த தழும்பாகிவிட்டன. பழைய மாத்திரையின் அளவை மறுபடி திருத்தியபின் கிரியேட்டினின் பழைய இடத்துக்கு இறங்கி, மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. மருந்து இன்னும் தொடர வேண்டும்.
மாலையில் அக்கா மிலாறுக் கட்டோடு வந்தாள். இறக்கிவிட எழுந்தேன். "தொட்டே, தோல உரிச்சிப்புடுவேன்!" என்றாள். பிறகு பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.
"நம்ம ஆளு எப்பிடிடி இருக்காரு?"