விரிசல் முனையில ஒரு ஓட்டை

செவ்வாய், 12 ஆகஸ்ட் 1969

ஆமா, அந்த ஓட்டைய நான்தான் போட்டேன். வேணும்னேதான் போட்டேன்.

வயலுக்கு மருந்து அடிக்கிற குட்டி பிளேனோட பிளாஸ்டிக் ஜன்னல் ரெண்டு நம்ம ராயபுரம் பட்டறைக்கு வந்துச்சு. ரெண்டுலயும் விரிசல். ஒண்ணுல, விரிசல் முடியிற எடத்துல நான் சின்னதா ஓட்டை போட்டேன். அப்பத்தான் விரிசல் அங்கயே நிக்கும். போன தபா ஓட்டை போடாம அனுப்புன ஜன்னல் ரெண்டா பொளந்து திரும்பி வந்துச்சு.

மொதலாளி பாத்துட்டு குதிச்சாரு. "இன்னாடா கய்தே, விரிசல அடைக்கச் சொன்னா ஓட்டை போட்டுகினு கீற?"

"இனிமே விரிசல் ஓடாது மொதலாளி."

"எட்டாங்கிளாஸ்லயே ஓடிப்போனவன் நீ, எனக்கு சொல்றியா?"

இன்னொரு ஜன்னல அவரே எடுத்தாரு. விரிசல்ல பசை ஊத்தி, பாலிஷ் போட்டுத் தேச்சாரு. பளபளன்னு ஆயிடுச்சு. விரிசல் உள்ளாறயேதான் கீது, கண்ணுக்குத்தான் தெரியல.

சாயங்காலம் பைலட் வந்தாரு. பளபளப்பத் தடவிப் பாத்து மொதலாளிக்கு கை குடுத்தாரு. என் ஜன்னலப் பாத்து மூஞ்ச சுளிச்சாரு. ராத்திரியே மாட்டிட்டு காலைல ஆறு மணிக்கு மீனம்பாக்கத்துலேந்து கெளம்புறாராம். மேல காத்து அடிச்சா அந்த பளபளா ஜன்னல் அந்தாளு மூஞ்சிலதான் பொளக்கும்.

நான் வாயத் தொறக்கல. வேல பூடுமேன்னு பயம். த்தூ, நானும் ஒரு ஆளு.

தூக்கமே வரல. வேல போனா போவட்டும். பீச் ஸ்டேஷன்ல மொத வண்டி நாலு மணிக்கு. அதுல மீனம்பாக்கம் போயி பைலட்டுகிட்ட சொல்லணும்.