உனக்காக யாரும் தட்ட வேண்டாம்

எம்.கே.பி. நகர்,
ஆகஸ்ட் 2001

அன்பு மகன் நிலவனுக்கு அம்மா ரமாபாய் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை சங்கமித்ராவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சங்கமித்ரா டைப்ரைட்டிங்கில் பாஸ் செய்துவிட்டாள், அந்தத் திமிரில் ஒரு டம்ளர்கூடக் கழுவுவதில்லை. அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பீடிதான் குறையவில்லை. கீழ்வீட்டு ரோஸ்மேரி டீச்சர் வீட்டுக்கு உன் ரூமில் தங்கியிருக்கும் ரவிக்குமார் போன் செய்தான். நீ டூட்டியில் இருக்கிறாயாம், நன்றாக இருக்கிறாயாம். உங்கள் கப்பல் பட்டறையில் வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் 'நாக் ஆஃப்' என்று கத்துகிறாராம், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்கச் சொன்னாயாம். டீச்சர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். நாக் என்றால் தட்டுவது, இரண்டையும் சேர்த்தால் அன்றைய வேலையை நிறுத்துவது என்றார். அந்தக் காலத்தில் துடுப்புப் போடுகிற கப்பலில் ஒருத்தன் கட்டையைத் தட்டிக்கொண்டே இருப்பானாம், ஓய்வெடுக்கச் சொல்ல வேறு மாதிரி தட்டுவானாம், அதிலிருந்து வந்ததாக ஒரு கதை உண்டாம், நிச்சயமாகத் தெரியாதாம். அப்பாவிடம் சொன்னால், "அந்தக் கப்பல இவுங்க பாத்தாங்களாமா, ஹார்பர்ல நான் தட்டுனது இன்னா பொய்யா" என்கிறார்.

அப்பா தட்டிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். வேலை முடிந்ததும் மூட்டை தூக்கும் கொக்கியால் கப்பலின் சரக்கு அறை மூடியின் இரும்பு விளிம்பில் தட்டுவார். அடியில் மூட்டை தூக்குகிறவர்கள் ஏணியில் ஏறி வந்து, மேலே கால் வைத்ததும் ஆளுக்கொரு விதமாகப் பதிலுக்குத் தட்ட வேண்டும். சரக்கு தூக்கும் வின்ச் இரைச்சலிலும் நெரிசலிலும் முகம் பார்த்து எண்ண முடியாது, தட்டுகிற விதத்தை வைத்தே யார் வந்தார் என்று அப்பா சொல்லிவிடுவார். அப்பாவோடு மூட்டை தூக்கிய செல்வம் மாமா நெஞ்சுவலியில் போனதாகச் சொல்லி உன்னை வளர்த்தோம், அது பொய். அவர் அடிக்கடி முன்னாலேயே நழுவிவிடுவார், மேஸ்திரிக்குத் தெரியக் கூடாது என்று அவருடைய தோஸ்து ஒருத்தர் அவர் தட்டையும் சேர்த்துத் தட்டிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் தட்டினார். மாமா நழுவிப் போகவில்லை, மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் வந்தாயிற்று என்று அப்பா கை காட்டினார், மூட்டைகளுக்குப் பூச்சி மருந்துப் புகை போட்டு மூடிவிட்டார்கள். மூடியை மறுபடி திறந்தபோது மாமா ஏணிக்குக் கீழே கிடந்தார், கொக்கி கையில் இருந்தது.

இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவள் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாடிப்படிக் கம்பியில் நீ தட்டுவாயே, சேர்ந்தாற்போல் இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று, அது போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சங்கமித்ரா, "அண்ணன் வந்துட்ச்சிமா" என்று ஓடினாள். படியில் ஒருத்தரும் இல்லை. கம்பியில் கை வைத்தேன், அது இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்கிறவள் நான், உனக்கே தெரியும். பூனை என்றேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்றேன். மறுநாள் அதே நேரத்துக்குப் படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணெதிரே யாரும் இல்லாமல் கம்பியில் அதே தட்டு கேட்டது. நீ வரப்போவதற்கு அடையாளமோ என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்பா முகம்தான் வெளுத்துவிட்டது. "தட்டு அவனுதுதான் ரமா, தட்டுற கை அவனுது இல்ல. அன்னிக்கும் இப்டித்தான் கேட்டுச்சு, நான்தான் நம்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அப்புறம்தான் யோசித்தேன். சித்திரையிலிருந்து ஒவ்வொரு போனிலும் ரவிக்குமார்தான் பேசுகிறான். நிலவன் டூட்டியில கீறான், நிலவன் தூங்கினு கீறான், நிலவன் சாப்ட்டான். ரவிக்குமார் தங்கமான பிள்ளை, உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறான். செல்வம் மாமாவின் தோஸ்தும் பாசத்தில்தான் தட்டினார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. கப்பல் டேங்குக்குள் வேலைக்கு இறங்கினால் நீ வெளியே வந்ததை நீயே சொல், உனக்காக இன்னொருத்தர் சொல்ல விடாதே, நீயும் யாருக்காகவும் சொல்லாதே.

பாபாசாகேப் காட்டிய வழியும் புத்தரின் கருணையும் உனக்குத் துணையிருக்கும், நீண்ட ஆயுளோடு இரு. ஈரத் தலையோடு படுக்காதே. இது கிடைத்ததும் டீச்சர் வீட்டுக்கு நீயே போன் செய், அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தட்டைக் கேட்டதிலிருந்து உன் அப்பா வாசல் கதவை மூட விடுவதில்லை. அவன் குரலைக் கேக்காம எதையும் மூட மாட்டேன் என்று கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார்.

உன் அம்மா,
அ. ரமாபாய்