காய்ச்சி ஊற்றிய தண்ணீர்

துடியலூர்
3.6.2025

அன்புள்ள அக்கா,

நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கிணற்றுத் தண்ணீரில் பாக்டீரியா ஒன்றுமே வளரவில்லை. கக்கூஸ் குழி பதினைந்தடி தள்ளித்தான் இருக்கிறது, அதனால் ஆச்சரியம்தான். பாக்டீரியா எல்லாம் கெட்டதில்லை. உன் குப்பையை உரமாக்குவதே அதுதான். மலத்தில் இருக்கும் வகை குடிதண்ணீரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். லேப் ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் ஆறு வீட்டுக்கும் காட்டு. போன் போடாதே. தினம் நாற்பது பாட்டில் பார்க்கிறேன், பேசத் தெம்பில்லை.

ஆல்வின்

மேட்டுப்பாளையம் பக்கம், வீட்டிலிருந்து
4.7.2025

கண்ணு ஆல்வினுக்கு,

சாப்பிட்டயா? உன் ரிப்போர்ட்டைப் பார்த்து எல்லாரும் தண்ணி காய்ச்சறதை விட்டுட்டாங்க. இப்போ பக்கத்து ஊட்டு மாசாணியம்மாள் மக ஷ்ரவ்யா டைபாய்டுல ஆஸ்பத்திரியில கிடக்கறா.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அன்னிக்கு நான் தண்ணியைக் காய்ச்சி, ஆறவெச்சு, வடிகட்டித்தான் பாட்டில்ல ஊத்தினேன். பெரிய லேப்ல என் தம்பி கைக்குப் போற தண்ணி. தூசியோட எப்படிக் கொடுக்கறது? பரிசோதனைக்கு அது ஆகாதுன்னு எனக்குத் தெரியலை. யாருகிட்டயும் சொல்லிப்போடாதே.

அன்புக்கரசி

துடியலூர்
8.7.2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். உன் வீட்டுப் படி ஏறவில்லை. நேராகக் கிணற்றில் மொண்டு எடுத்துப் போனேன். ஒரு நாளில் பரிசோதனைத் தட்டு நிறைய ஈ.கோலி பாக்டீரியா. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எல்லாரும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், இன்றைக்கே.

தப்பு எனக்கும் உண்டு. திறந்த கிணற்றுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்றால் எந்த மடையனும் சந்தேகப்படுவான். நான் அசதியில் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதி, பழைய ரிப்போர்ட்டை ரத்து செய்துவிட்டேன். காரணம், ‘மாதிரி காய்ச்சப்பட்டது’. உன் பெயர் அதில் இல்லை. ஆனால் திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்து யார் எடுத்தது என்று கேட்பார். அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. உனக்காகப் பொய் சொல்ல என்னால் முடியாது.

ஆல்வின்

12.7.2025

தம்பிக்கு,

அஞ்சு ஊட்டுக்கும் நானே போய்ச் சொல்லிப்போட்டேன். நாலு ஊட்டுல நல்லாத் திட்டுனாங்க. திட்டட்டும்.

மாசாணியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தாள். புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்குதாம். முழுசையும் கேட்டுட்டு, “உட்காருங்க அக்கா, வெயில்ல வந்திருக்கறீங்க”ன்னு சேரை இழுத்துப் போட்டாள். திட்டியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பேன். உட்கார்ந்தே இருந்தேன்.

உன்மேல கோவமில்லை. ஆனா கொஞ்ச நாளைக்கு நீ இந்தப் பக்கம் வராதே.

அன்புக்கரசி