கம்பி எந்தப் பக்கம்

என் அருமை மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. பாத்ரூமைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம்.

உன் அப்பா வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். இடுப்பு எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் குந்தி உட்காரக் கூடாது, வாக்கர் இல்லாமல் நடக்கக் கூடாது. அதனால்தான் இந்த வேலையை நானே கையில் எடுத்தேன். எட்டாவதோடு படிப்பு என்னை விட்டு ஓடிவிட்டாலும், முப்பது பாத்ரூம் கட்டிய கை இது. உன் அம்மாவைக் கேட்டால் ஒன்றுகூட இல்லை என்பார். அண்ணிக்கு ஞாபகமறதி.

நாலரை அடிக்கு ஏழடி அறை, உனக்குத் தெரியும். கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒரு மூலையில் கம்மோடு, மறு மூலையில் வாஷ்பேசின். படம் வரைந்து கொடுத்தேன். பிளம்பர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

நடைப் பயிற்சி கொடுக்கும் அம்மா, உட்கார்ந்தால் வலது கைக்கு எட்டுகிற மாதிரி கைப்பிடிக் கம்பி வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் கம்மோட்டுக்கு முன்னால் நின்று வலது கையை நீட்டி, இங்கே அடி என்றேன். பிளம்பர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "நின்னுக்கிட்டா சார், உக்காந்துக்கிட்டா?" என்று கேட்டார். எனக்கே வலது இடது சொல்லித் தருகிறாயா என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

சிமெண்ட் காய்ந்ததும் உட்கார்ந்து பார்த்தால் கம்பி இடது பக்கம் இருக்கிறது! நிற்கும்போது வலதில் இருந்தது உட்கார்ந்ததும் எப்படி இடதுக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கொத்தனார் சிரிப்பை அடக்க டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தார்.

கம்பியை மட்டும் மறுபக்கம் மாற்றலாம் என்றால் கைக்கெட்டும் தூரத்தில் அங்கே சுவர் இல்லை. ஆகவே கம்மோட்டை மறு மூலைக்குத் தூக்கினோம். வாஷ்பேசின் இந்த மூலைக்கு வந்தது. தரையை மறுபடி உடைத்து, கழிவுக் குழாயைத் திருப்பி, தண்ணீர்க் குழாய்களையும் மாற்றியதில் ஹீட்டர் லைன் எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வாஷ்பேசினில் இரண்டு பக்கமும் பச்சைத் தண்ணீர். ஃபிளஷ் அடித்தால் ஆவி பறக்கிறது. ராஜாக்களுக்கும் கிடைக்காத வசதி என்றேன். உன் அம்மா உள்ளே போய்விட்டார். நாளைக்குள் சரிசெய்வதாகப் பிளம்பர் சத்தியம் செய்திருக்கிறார்.

இன்னொன்று. புது மூலையில் கம்மோடு வந்ததால் கதவு அதில் இடித்தது. வாக்கர் நுழையவே இல்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கொத்தனார்தான் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். பயிற்சி அம்மா வந்து பார்த்து, எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கணும், உள்ளே யாராவது விழுந்தாலும் கதவு திறக்கும் என்று பாராட்டினார். என் யோசனைதான் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு அந்தக் கதவை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

இடுப்பு ஒடிந்த அன்றைக்கு உன் அப்பா உள்ளே கதவில் சாய்ந்தபடிதான் விழுந்து கிடந்தார். வெளியிலிருந்து தள்ளியது நான்தான். "தள்ளாதடா, தள்ளாதடா" என்று உள்ளேயிருந்து கத்தினார். தள்ளாமல் எப்படித் திறப்பது? இன்னொன்றும் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒழுகிக்கொண்டிருந்த அந்த வாஷ்பேசின் குழாயை, பிளம்பர் எதற்கு, நான் இருக்கிறேன் என்று முதல்நாள் முறுக்கி வைத்ததும் நான்தான். அவர் வழுக்கிய தரையில் நின்றது அந்தத் தண்ணீர்.

ஆஸ்பத்திரிக்கு எட்டுத் தடவை போனேன். உன் அப்பா அண்ணியிடம் பேசுகிறார், நர்ஸிடம் பேசுகிறார். என்னைப் பார்த்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.

நீ போன் செய்யும்போது உன் பேச்சைக் கேட்பார். கம்பி நன்றாக இருக்கிறதாம் என்று சொல். இருபது தடவை தொங்கிப் பார்த்துவிட்டேன், அசையவில்லை. முதல் நாள் மட்டும், கதவுக்கு வெளியே யாராவது நிற்கட்டுமே என்று நீயாகக் கேட்பதுபோல் கேள். யார் என்று அவர் கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல். நான் கதவைத் தொடமாட்டேன்.

நீயும் உன் பிள்ளைகளும் வழுக்காத தரையில் நூறு வருஷம் நடக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் சித்தப்பா.