நாளைக்கு வராதீங்க

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் இடுப்புவலி தேவலையா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

தெருவில் குப்பை பொறுக்கிய எங்களை நகராட்சியே மாதச் சம்பளத்தில் பாட்டில் பிரிக்கச் சேர்த்துக்கொண்டதல்லவா? சனிக்கிழமை சூப்பர்வைசர், "நாளைக்கு வராதீங்கக்கா" என்றார். வாசலுக்கு வாசல் விரட்டியவர்கள் சொன்ன அதே பேச்சு! வேலை போச்சு என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விடிந்ததும் கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் சிரித்தார்: "ஞாயித்துக்கிழமை லீவுக்கா. சம்பளம் உண்டு, போய்ப் படுங்க."

சும்மா படுப்பதற்குச் சம்பளமா! தங்கியிருக்கும் அறைக்கு வந்து, பக்கத்து அறைக் குப்பையைப் பிரித்துவைத்தேன்.

கை துடைக்கத் துணியில்லை, பாப்பா போட்டுக் கழற்றிய பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். இன்று திங்கள், வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை வேலையில்லையே, நானே துவைத்துக்கொள்கிறேன்.