அக்காவின் காகிதத் தொட்டி

என் அன்பு அக்கா,

நீ கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னிடம் கேட்காமல் விட்டவைதான் இன்னும் நிறைய இருக்கின்றன.

இந்தப் புதுச்சத்திரத்து வீட்டுக்கு நான் இரண்டாம் தாரமாக வந்த அன்று, நீ கொல்லையில் தொட்டிமுன் நின்றிருந்தாய். உனக்குப் பிள்ளை இல்லையென்று என்னைக் கட்டிவந்திருந்தார்கள். அழுவாய், திட்டுவாய் என்று பயந்து வந்தேன். நீயோ கந்தல் துணியும் வாழைநாரும் சுண்ணாம்பில் வெந்த கூழிலிருந்து தாள் எடுத்துக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது உன் மனதில் என்னதான் ஓடியது?

வெகுநாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. அழுக்குத் துணி எப்படித் தாளாகிறது? நீ குளிக்கப் போன நேரம் பார்த்து, சல்லடைச் சட்டத்தைத் தொட்டியில் முக்கித் தூக்கினேன். கூழ் ஒரு பக்கம் திரண்டு, மறுபக்கம் ஓட்டை விழுந்தது. அதைத் துணிமேல் கவிழ்க்கப் போனபோது பின்னால் உன் குரல்.

“ஏம்புள்ள, என்ன தோசையா, இத்தனை அவசரமாத் திருப்பறே? தண்ணி வடியட்டும், பொறு.”

“தெரியாமத் தொட்டுட்டேனுங்க அக்கா.”

நீ சிரித்தாய். நான் கேட்ட உன் முதல் சிரிப்பு அது.

அதன்பின் கூழ் இடிப்பது நான், தாள் எடுப்பது நீ. மரவள்ளிக் கஞ்சி தடவிக் காயவைத்தால் மை பரவாது என்று இருவரும் கண்டுபிடித்த அன்று, எத்தனை கிறுக்கிப் பார்த்தோம்! தாளுக்குள் ஆவாரம்பூ இதழை வைக்க உனக்கு எப்படித் தோன்றியது? கேட்டால், “தோணுச்சு, வெச்சேன்,” என்பாய். அந்தத் தாள்களைத் தைத்து, கைத்தறித் துணியில் அட்டை போட்டு நீ கட்டிய புத்தகங்களுக்கு நாமகிரிப்பேட்டையிலிருந்துகூட ஆள் வந்தது.

என் மகன் பிறந்ததும் மாமியார் நம் வீட்டுக்காரரிடம், “இனி மூத்தவ எதுக்கு? அவ அப்பன் ஊட்டுல உட்டுட்டு வா,” என்றார். அவரும் வண்டி பூட்டினார். நீ சேலைகளை மூட்டை கட்டினாய். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

“நீ எங்க புள்ள ஏறறே? எறங்கு,” என்றார் அவர்.

“அக்கா போனா நானும் போறேனுங்க மாமா. புள்ளையும் வாரான்.”

அவர் என்னையும் பிள்ளையையும் பார்த்தார். பிறகு மாடுகளை அவிழ்த்துவிட்டார். நீ மூட்டையை உள்ளே வைத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமலே, “கூழு கெட்டியாயிரும், வா,” என்றாய். வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லையா உனக்கு?

இங்கே இப்போது உலகச் சண்டைக்காலம். சேலத்துக் கடைகளில் காகிதத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுவது நம் தாளில்தான். நம் பையனும் அங்கே சேர்ந்துவிட்டான். வாத்தியார் அவன் அம்மாவின் பேரைக் கேட்டதற்கு, “எந்த அம்மா பேருங்க?” என்றானாம்.

கை அரிக்கும் என்று நீ கடைசிவரை தொடாத கத்தாழை நாரை, தை பிறந்ததும் வேகவைக்கப் போகிறேன். தாள் வருமா, கைதான் புண்ணாகுமா, தெரியாது. அது வராவிட்டால் வேறு நார் தேடுவேன். நான் இருக்கும்வரை இந்தத் தொட்டியைக் காயவிடமாட்டேன், அக்கா.

உனக்குப் போட்டியாக வந்து,
உன் கூடப்பிறந்தவளாகிப்போன தங்கை,
செல்லாயி